அளவு நூலும் கல்லடிப் புழுவும்

(இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா, நவம்பர் 9. பொழிச்சலூரில் ஆற்றிய மறையுரை)



இன்று நாம் உரோமையில் இருக்கும் ஒரு கோயிலுக்கு விழா எடுக்கிறோம். திருத்தந்தையின் பேராலயம் எது என்று மறைக்கல்விப் பிள்ளைகளைக் கேட்டால் புனித பேதுரு பேராலயம் என்றுதான் சொல்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஆனால் உரோமையின் ஆயர் என்ற முறையில் அவருடைய இருக்கை இருப்பது இலாத்தரனில். கான்ஸ்தந்தீன் பேரரசர் கொடுத்த இடத்தில் அதைக் கட்டினார்கள்; 324-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் திருத்தந்தை சில்வெஸ்தர் அதை நேர்ந்தளித்தார் என்பது மரபு. விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டிய இந்தப் பொழிச்சலூரில் உட்கார்ந்துகொண்டு அந்த உரோமைக் கட்டடத்துக்கு நாம் ஏன் விழா எடுக்க வேண்டும்? காரணம் முதல் வாசகத்தில் இருக்கிறது. கோயில் விழாவுக்கென்று திருச்சபை எடுத்துவைத்த வாசகம் அது. கோயிலைப் பற்றி அதில் ஓரிரு வரிதான் வருகிறது. மற்றதெல்லாம் தண்ணீர்.

எசேக்கியேல் பார்க்கிறார். கோயில் வாயிற்படியின் கீழிருந்து நீர் கசிந்து கிழக்கே ஓடுகிறது. பாலைநிலம் வழியாக இறங்கி, மீன் எதுவும் வாழ முடியாத உப்புக்கடலில் போய்ச் சேர்கிறது. இன்று வாசித்ததில் நடுவே சில வசனங்களை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் 47-ஆம் அதிகாரத்தை முழுதாக எடுத்துப் படியுங்கள். இறைவாக்கினரைக் கூட்டிக்கொண்டு போகிறவர் கையில் ஓர் அளவு நூல் இருக்கிறது. ஆயிரம் முழம் அளக்கிறார், தண்ணீர் கணுக்கால் அளவு. இன்னும் ஆயிரம் முழம், முழங்கால் அளவு. இன்னும் ஆயிரம், இடுப்பளவு. அதற்கும் அப்பால் நீந்தித்தான் கடக்கலாம். அங்கே அளப்பது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஆழத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்த நீரில் என்னென்ன வாழ்கின்றன என்பதுதான் பேச்சு. அதிலும் மீனைச் சொல்வதற்கு முன்னால், திரள்திரளாக நெளியும் சின்ன உயிர்களைச் சொல்லிவிட்டுத்தான் மீனுக்கு வருகிறார்.

எவ்வளவு தண்ணீர் என்பதை நூல் சொல்லிவிடும். ஆறு உயிரோடு இருக்கிறதா என்பதை அதில் குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படிச் சாட்சி சொல்லும் ஒரு சின்ன உயிரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சாமியாருக்கு என்ன ஆயிற்று, கோயில் விழா நாளில் பூச்சிக் கதை சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். சாலமோன் அரசரின் ஞானத்தைப் புகழும்போது, மரங்களையும் விலங்குகளையும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் மீன்களையும் பற்றி அவர் பேசியதை அரசர்கள் நூல் தனியாகக் குறிப்பிடுகிறது. யோபுவோ விலங்குகளிடம் போய்க் கேள், மீன்களிடம் கேள் என்று தம் நண்பர்களையே அனுப்புகிறார்.

இந்தப் பூச்சியின் பெயர் கேடிஸ். உலகம் முழுவதும் இதில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். நாம் இதைத் தனியாகப் பார்த்துப் பேர் வைத்ததில்லை. மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றி வருகிற எல்லாவற்றையும் விளக்குப் பூச்சி என்று ஒரே கூட்டாகத் தள்ளிவிட்டு, சோற்றுத் தட்டில் விழாமல் இருக்க விளக்கை அணைத்துவிடுவோம். அந்தக் கூட்டத்தில் இது இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் பார்வைக்கு ஒரு சின்ன, மங்கலான, பழுப்பு நிற அந்துப்பூச்சி போலத்தான் இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவுதான். ஆனால் அந்துப்பூச்சியின் சிறகில் செதில் இருக்கும், தொட்டால் விரலில் பொடி ஒட்டும். கேடிஸின் சிறகில் இருப்பது மெல்லிய மயிர். உட்காரும்போது சிறகுகளை முதுகின்மேல் கூரை மாதிரி இருபுறமும் சரித்து வைத்துக்கொள்ளும். உணர்கொம்பு நூல்போல மெலிந்து முன்னால் நீண்டிருக்கும், சில வகைகளில் உடலைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளம். தேன் உறிஞ்சும் சுருள் நாக்கு இருக்காது. அதற்குப் பதிலாக வாயருகே சின்னக் கைகள் மாதிரி உணரிகள் தொங்கும். இவ்வளவையும் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். அதோடு, விளக்கை அணைக்காமல் இரண்டு நிமிடம் பொறுத்திருக்க மனம் வேண்டும்.

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் விலங்குகளையும் பறவைகளையும் ஆதாமிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார். என்ன பெயர் வைக்கப்போகிறான் என்று பார்ப்பதற்காக. கடவுளே பொறுமையாகக் காத்திருக்கும் இடம் அது. நாம் அதை உரிமைப் பத்திரமாகப் படித்துவிட்டோம். பேர் வைத்தவனுக்குத்தான் சொத்து என்று. எனக்கு அது ஒரு வேலை ஒப்படைப்பாகத்தான் தெரிகிறது. ஒவ்வொன்றாக முன்னால் நிறுத்தி, நன்றாகப் பார், பார்த்துவிட்டுச் சொல் என்கிறார்.

பார்க்காமல் சொன்னால் என்ன ஆகும்? எங்கள் குருக்கள் கூட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. லொங்கினோஸ் நவாஸ் என்று ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு ஒருவர் இருந்தார். 1858-இல் பிறந்து 1938-இல் இறந்தவர். சரகோசா நகரத்துக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த பூச்சிகளை ஆராய்ந்து நூற்றுக்கணக்கில் புதிய இனங்கள் என்று அறிவித்தார். அதில் கேடிஸ் பூச்சிகளும் உண்டு, நம் இந்தியாவிலிருந்து போனவையும் உண்டு. அசாத்திய உழைப்பாளி. ஆனால் அவசரக்காரர். வருணனை குறைவாக எழுதுவார், படமும் தெளிவாக இருக்காது. ஏற்கெனவே பெயர் வைத்த பூச்சிக்கே மறுபடியும் பெயர் வைத்துவிடுவார். பின்னால் வந்த அறிஞர்கள் அவர் விட்டுப்போனதைப் பிரித்துச் சரிசெய்யவே ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். அவருடைய பக்தியை யாரும் குறை சொல்லவில்லை. பக்தி மட்டும் பார்வையைக் கூர்மையாக்கிவிடாது என்பது குருக்களாகிய எங்களுக்கு உறைக்க வேண்டிய சங்கதி.

இன்னொரு கதையும் உண்டு, அதில் ஏமாந்தவர் சிப்பி நத்தைகளில் கரைகண்ட பெரிய மனிதர். அமெரிக்காவில் ஐசக் லீ என்பவர் 1834-இல் டென்னசியின் ஆற்றில் கிடைத்த ஒரு புது நத்தையை வருணித்து எழுதினார். மணல் துகள்களால் ஆன சுருள் ஓடு, பார்த்தால் நத்தையேதான். பிறகுதான் தெரிந்தது, அது நத்தை கட்டிய ஓடே அல்ல, ஒரு கேடிஸ் புழு மணலை ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடு. வீட்டைப் பார்த்தே ஆளை முடிவு கட்டிவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் ஆறு கால் தெரிந்திருக்கும். யாருடைய வீடு எந்தத் தெருவில், எந்தக் குடியிருப்பில் என்று கேட்டுவிட்டே ஆளை எடைபோடுகிற பழக்கம் நம் அன்பியக் கூட்டங்களில் இல்லை என்று நான் நம்ப விரும்புகிறேன்.

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். கொடைக்கானலுக்குப் போனவர்கள் செண்பகனூர் இயேசு சபை இல்லத்து அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழனி மலைக்கு ஒரு கேடிஸ் பூச்சியிடமும் பெயர்ப் பெருமை இருக்கிறது. 1980-இல் ஸ்வெக்மன், காஃப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கிருந்து ஒரு புதிய இனத்தை அறிவித்து, ஸ்டெனோசைக்கி கொடைக்கானலென்சிஸ் என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். கேடிஸ்களில் பெரிய உருவம் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஜப்பானின் நாகானோ மலைப் பகுதியில் இதே குடும்பத்துப் புழுக்களை ஆற்றிலிருந்து பொறுக்கி, சோயாச் சாற்றில் சுண்டவைத்துச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். முகம் சுளிக்காதீர்கள். ஈசலை வறுத்து அரிசிப்பொரியோடு தின்ற தலைமுறை இந்தப் பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மலைக்குத் தியானத்துக்குப் போன ஒரு முறை, மதிய இடைவேளையில் ஓடைக்கு இறங்கினேன். மௌனத் தியானம். பேசத்தான் கூடாது; கல்லைப் புரட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கேடிஸ் புழுவைத் தேடுகிறவர் நீர் தேங்கிய குழியைவிட, நுரைத்து ஓடும் இடத்தில் தேட வேண்டும். உள்ளங்கையளவு கல்லாக, அடியில் இடைவெளி உள்ளதாகப் பார்த்து, நீரோட்டத்தின் போக்கிலேயே மெல்லத் தூக்க வேண்டும். வெடுக்கென்று புரட்டினால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். தூக்கிய கல்லின் அடியில் முதலில் ஒன்றும் தெரியாது, வெறும் ஈரமும் மணலும்தான். அப்படியே கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் ‘மணல்’ நகர ஆரம்பிக்கும். அதுதான் கூடு. அதன் ஒரு முனையிலிருந்து கெட்டியான பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களும் வெளியே வரும். உடலின் பின் முனையில் இரண்டு கொக்கிகள், கூட்டை விடாமல் பிடித்துக்கொள்ள. கம்பளிப்புழுவுக்கு வயிற்றில் இருக்குமே சதைக்கால்கள், அவை இதற்குக் கிடையாது. பின்முனைக் கொக்கிகளும் இந்த வித்தியாசமும் சேர்ந்தால் போதும், இது கேடிஸ் என்று துணிந்து சொல்லலாம்.

துணிந்து சொல்லலாம் என்றால், அவ்வளவு தூரம்தான். என்ன குடும்பம் என்பதைக் கூட்டின் வடிவமும் மார்பின் மேல் உள்ள கெட்டித் தகடுகளும் காட்டும். என்ன இனம் என்பதை ஓடைக்கரையில் நின்று யாரும் சொல்ல முடியாது. வளர்ந்த ஆண் பூச்சியின் வால் நுனி அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நான் பார்த்தவற்றில் கூடு சுமக்காத ஒன்று கொடைக்கானலின் பெயர் தாங்கியதா, வேறொன்றா என்று எழுதிவைக்கவில்லை. ‘கேடிஸ், வலை கட்டும் வகை’ என்று மட்டும் குறித்துக்கொண்டு, கல்லை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்துவிட்டு வந்தேன். கல்லைத் திருப்பி வைப்பது முக்கியம் பிள்ளைகளே. அது ஒரு குடும்பத்தின் கூரை.

வலை கட்டும் வகை என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில கேடிஸ் புழுக்கள் சுமந்து திரியும் கூடு கட்டுவதில்லை. கற்களின் இடுக்கில் ஒரு தங்குமிடம் அமைத்து, அதன் வாசலில் நீரோட்டத்துக்கு எதிராகப் பட்டிழையால் ஒரு வலை நெய்துவிட்டு உட்கார்ந்திருக்கும். ஓடை கொண்டுவரும் துணுக்குகள் வலையில் தங்கும், அதுதான் சாப்பாடு. வலையின் கண்கள் சதுரம் சதுரமாக, ஒன்றுபோல இருக்கும். அனகாபுத்தூர்த் தறிகளில் பாவும் ஊடும் பிசகாமல் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி நெய்து நைஜீரியா வரைக்கும் அனுப்பினார்களே, அந்தக் கணக்கு. தன் இடத்துக்கு இன்னொரு புழு வந்தால் காலைத் தலையில் தேய்த்து ஒலி எழுப்பி எச்சரிக்கும். மனை எல்லைத் தகராறு நமக்கு மட்டும் சொந்தமில்லை.

கூடு கட்டுகிறவை வேறு வகை. ஒன்று மணலைப் பொறுக்கி ஒட்டும். ஒன்று குச்சிகளை அடுக்கும். இலையைச் சதுரமாக நறுக்கி நான்கு பக்கச் சுவர் எழுப்புவது ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இரண்டு முட்டை வடிவ இலைத் துண்டுகளை மேலும் கீழுமாக வைத்து நடுவே ஒளிந்துகொள்ளும் ஒரு வகை இருக்கிறது, மேல் இலை பெரிது, கீழ் இலை சிறிது. நீரடியில் வாடிய இலை ஒன்று தானாக நடந்து போவதுபோல இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டுவது புழுவின் வாயருகிலிருந்து வரும் பட்டிழை. தண்ணீருக்குள்ளேயே ஒட்டுகிற பசை அது. ஈரமான உடலில் தையல் இல்லாமல் காயத்தை ஒட்ட இந்த மாதிரி ஒன்றைச் செய்ய முடியுமா என்ற எண்ணத்தோடு யூட்டா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஸ்டூவர்ட் குழுவினர் இதன் வேதியமைப்பை ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள்.

இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் தம்மைக் கட்டடக் கலைஞராகச் சொல்லிக்கொள்கிறார். அடித்தளம் கிறிஸ்து, அதன்மேல் எப்படிக் கட்டுகிறோம் என்று ஒவ்வொருவரும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறார். இங்கேயும் நடுவில் சில வசனங்களைத் தாண்டி வாசித்தோம். தாண்டிய இடத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பொன், வெள்ளி, விலையுயர்ந்த கல், மரம், புல், வைக்கோல். இவற்றில் எதைக் கொண்டு கட்டினீர்கள் என்பது நெருப்பில் தெரியும் என்கிறார். கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய அந்தப் பட்டியலில் பாதி கேடிஸ் புழுவின் பட்டியல். மீதிப் பாதியையும் ஒருவர் கொடுத்துப் பார்த்துவிட்டார். ஊபேர் துய்ப்ரா என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1980-களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்கிறார். கேடிஸ் புழுவை அதன் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, தொட்டியில் விட்டு, மணலுக்குப் பதிலாகப் பொன் துணுக்கும் முத்தும் மணிக்கற்களும் போட்டார். புழு தயங்கவில்லை. கிடைத்ததை வைத்துப் பொன்கூடு கட்டிக்கொண்டது. அந்தக் கூடுகள் கலைக்கூடங்களில் காட்சிக்கு இருக்கின்றன, படங்களில் பார்த்தால் நம் வீட்டு மூக்குத்தி, ஜிமிக்கியெல்லாம் தோற்றுப்போகும்.

எனக்கு அந்தக் கூடுகள் அழகாகத்தான் தெரிகின்றன. ஆனாலும் மனம் ஒட்டவில்லை. புழுவுக்குப் பொன்னும் மணலும் ஒன்றுதான். தன் அளவுக்குப் பொருந்துகிற துணுக்கா, ஒட்டுமா, உடம்பை மூடுமா என்று மட்டும்தான் பார்க்கிறது. பொன்னைப் பார்த்து வாய்பிளப்பது வெளியே நிற்கிற நாம். கோயில் கட்டும் விஷயத்திலும் இப்படித்தான். கிரானைட் தளம், ஏ.சி., கோபுரத்தில் விளக்கு என்று நாம் பேசுகிறோம். பவுலோ அந்தப் பகுதியைக் கட்டடத்தில் முடிக்கவில்லை. நீங்கள்தான் கடவுளின் கோயில் என்று ஆளைக் காட்டி முடிக்கிறார்.

கூட்டுப்புழுப் பருவத்தில் கேடிஸ் தன் வீட்டின் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்து, பிறகு வெட்டிக்கொண்டு வெளியேறி நீர்மட்டத்துக்கு நீந்தி, தோலுரித்துச் சிறகோடு பறக்கிறது. இதை வைத்து உயிர்ப்பைப் பற்றி ஒரு மறையுரை சுலபமாகச் செய்துவிடலாம். வண்ணத்துப்பூச்சியை வைத்து எல்லாச் சாமியார்களும் செய்துவிட்டார்கள். நான் விட்டுவிடுகிறேன். எனக்கு இன்று புழுவாக அது தண்ணீரில் கிடக்கும் காலம்தான் வேண்டும். அதன் ஆயுளில் பெரும் பகுதி அதுதான். சிறகு முளைத்த பிறகு பெரும்பாலும் சில நாள் அல்லது சில வாரம்தான்.

அத்தனை காலம் தண்ணீரிலேயே கிடப்பதால், தண்ணீருக்கு நேர்ந்ததெல்லாம் அதற்கும் நேர்கிறது. குப்பியில் நீர் பிடித்துப் பரிசோதித்தால் அன்றைய நிலவரம் தெரியும். முந்தின வாரம் யாராவது இரவோடு இரவாக எதையாவது கலந்திருந்தால் அது குப்பியில் சிக்காது. புழு அங்கேயே இருந்திருக்கிறது, அல்லது செத்திருக்கிறது. கேடிஸ் உடலாலும் வயிற்றுப் பக்கச் செவுள்களாலும் நீரில் கரைந்த ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கிறது. 20 டிகிரி குளிர்ச்சியில் ஒரு லிட்டர் நல்ல நீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதில் சாக்கடை சேர்ந்தால் அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். இதை வைத்து பிரிட்டனில் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். ஓடையில் எந்தப் பூச்சிக் குடும்பம் வாழ்கிறதோ அதற்கு ஒரு மதிப்பெண். கூடு கட்டும் கேடிஸ்களில் பல குடும்பங்களுக்கு முழுதாக 10. வலை கட்டும் வகை ஒன்று கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும், அதற்கு 5. சிவப்புப் புழு வகைக்கு 2. சேற்று மண்புழுக்களுக்கு 1. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை உயிரினங்களைக் கொண்டு மதிப்பிட வகுத்த முறையும் இதை ஒட்டியதுதான். மதுரைக் கல்லூரியின் தினகரன், அன்பழகன் ஆகியோர் தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறு ஓடைகளில் மனிதர்களால் நீர்ப்பூச்சிகளுக்கு என்ன நேர்கிறது என்று ஆராய்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

சரி. நம் ஆற்றுக்கு என்ன மதிப்பெண்?

ஆதனூர்ப் பக்கம் தொடங்கி, திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாக நம் ஊரைத் தொட்டு, விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதைக்கு அடியில் புகுந்து, கடல் வரைக்கும் 42 கிலோமீட்டர் ஓடுகிறது அடையாறு. இந்த நவம்பரில் போய்ப் பாருங்கள், தண்ணீர் நிறைய. நூலைப் போட்டால் ஆழம் காட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் காட்டிய ஆழத்தை நம் வீட்டுச் சுவர்களே நினைவில் வைத்திருக்கின்றன. மழை விட்ட பிறகு மாசி பங்குனியில் போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரையை விலக்கி ஒரு தட்டுச் சேற்றை அள்ளினால் கிடைப்பது சிவப்புப் புழு. ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் பிழைப்பதற்காக உடம்பிலேயே சிவப்பணு நிறமியை வைத்திருக்கிற ஜீவன். அதற்கு மேல் கொசுப்புழு. அந்த ஜீவன்களை நான் பழிக்கவில்லை, அவையும் உண்மையைத்தான் சொல்கின்றன. நம் கரையில் கேடிஸ் புழு ஒன்றையும் நான் கண்டதில்லை.

இதற்குக் காரணம் கேட்டால் இங்கே எல்லாரும் தோல் பதனிடும் தொழிலைக் காட்டுவார்கள். 1912-இல் வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் பக்கத்து ஊருக்குக் குரோம்பேட்டை என்றே பெயர் வந்தது. பம்மல், பல்லாவரம் தொட்டிகளில் சுண்ணாம்பிலும் குரோமிலும் கை வெந்து வேலை செய்து, அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சாட்டை எடுக்க எனக்கு மனமும் இல்லை, தகுதியும் இல்லை. இன்றைய நற்செய்தியை மறுபடியும் கவனித்துப் படியுங்கள். இயேசு கோயிலில் ஆடு மாடுகளைச் சாட்டையால் விரட்டுகிறார். நாணயம் மாற்றுகிறவர்களின் மேசையைக் கவிழ்க்கிறார். புறா விற்கிறவர்களிடம் வரும்போது கூண்டைக் கவிழ்க்கவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று வாயால் சொல்கிறார். புறா ஏழைகளின் காணிக்கை. கோபத்திலும் அவர் யார் எவர் என்று பார்த்துத்தான் நடந்துகொள்கிறார். பெரிய குழாய் வைத்து ஆற்றில் விடுகிறவரையும், கக்கூஸ் நிரம்பினால் வேறு வழி தெரியாத வாடகைக் குடித்தனக்காரரையும் ஒரே சாட்டையால் அடிக்கிறவர் இயேசுவைப் பின்பற்றுகிறவர் அல்ல.

ஆனாலும் ஒன்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த ஊரில் பல வீடுகளுக்குச் செப்டிக் டேங்க்தான். நிரம்பினால் போன் போடுகிறோம், லாரி வருகிறது, உறிஞ்சிக்கொண்டு போகிறது. காசு கொடுத்து அனுப்பியதோடு நம் கவலை தீர்ந்தது. லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிற லாரி உண்டு. இருட்டில் ஆற்றங்கரையில் நிற்கிற லாரியும் உண்டு. எசேக்கியேல் கண்ட கோயிலின் வாயிற்படிக்குக் கீழிருந்து உப்புக்கடலையே நல்லதாக்கும் தண்ணீர் புறப்பட்டது. நம் கோயில் வாயிற்படிக்குக் கீழே, இடதுபுறம், சிமெண்ட் மூடி போட்டு ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து புறப்படுவது எங்கே போகிறது? திருவிழா நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிற தொட்டி அது. பங்குப் பேரவைச் செயலரிடம் கேட்டிருக்கிறேன். விசாரித்துக்கொண்டிருக்கிறார். அது தெரியாமல் நான் இங்கே நின்று யாருடைய மேசையையும் கவிழ்க்க முடியாது.

எசேக்கியேலின் தரிசனத்தில் யாரும் வாசிக்க விரும்பாத ஒரு வசனம் இருக்கிறது, பதினோராவது. ஆறு போகும் இடமெல்லாம் நலம் பெற்றாலும், சேற்று நிலங்களும் சதுப்பு நிலங்களும் நலம் பெறாமல் உப்புக்கே விடப்படும் என்கிறது. எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இறைவாக்கினர் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலிலும் இந்தக் கூர்மை இருக்கிறது. அழிந்துபோகிற உயிர் ஒவ்வொன்றும் கடவுளைப் புகழும் ஒரு குரல் குறைவது என்ற கருத்தை அங்கே வைக்கிறார். புழுக்களையும் பூச்சிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

ஆகவே சில ஏற்பாடுகள். வரும் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, மழை இல்லாவிட்டால், கோயில் மாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதன்மேல் விளக்கைப் போடுவோம். மறைக்கல்விப் பிள்ளைகள் அனைவரும் வரலாம், பெற்றோரும் கூட வாருங்கள். என்ன வந்து உட்கார்கிறது என்று பார்த்து எழுதிவைப்போம். ஏரிகளில் வாழும் கேடிஸ் வகைகளும் உண்டு, அவற்றில் ஒன்று வழிதவறி வந்தாலும் வரலாம். சிறகு கூரையாக இருக்கிறதா, மயிரா செதிலா, கொம்பு எவ்வளவு நீளம், இந்த மூன்றையும் பார்க்காமல் யாரும் பேர் சொல்லக்கூடாது. சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். யாரும் ஆற்றில் இறங்கக்கூடாது, இப்போது வேகமும் அதிகம், தண்ணீரும் சுத்தமில்லை. சேறு எடுத்துப் பார்ப்பதை மாசி மாதத்தில் பெரியவர்கள் துணையோடு, கையுறை போட்டுக்கொண்டு செய்வோம். தை மாதம் இளைஞர் இயக்கத்தார் கொடைக்கானல் தியானத்துக்குப் போகும்போது ஒரு வெள்ளைத் தட்டும் டீ வடிகட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பட்டியல், இங்கே ஒரு பட்டியல், இரண்டையும் கோயில் அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவோம்.

செப்டிக் டேங்க் விஷயம் அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் முதல் பொருளாக வருகிறது. வீட்டில் லாரி கூப்பிடுகிறவர்கள், கொட்டிய இடத்துக்கு ரசீது கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த எண்ணை அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.